ஆஸ்பிரின் வேலை செய்கிறதா? பக்கவாதத்துக்குப் பிறகு எழும் கேள்வியும் அதைச் சோதிக்கும் வழிகளும்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வீடு திரும்புபவரின் மருந்துச் சீட்டில் வழக்கமாக நான்கைந்து மாத்திரைகளின் பெயர்கள் இருக்கும். அவற்றில் ரத்த அழுத்த மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்பதைக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சர்க்கரைக்கான மாத்திரையை விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்குச் சில வாரங்கள் கழித்து ஒரு பரிசோதனை போதும். அதே சீட்டில் இருக்கும் ஆஸ்பிரினுக்கு மட்டும் இப்படி அன்றாடம் பயன்படும் அளவுகோல் எதுவும் கிடையாது. சாப்பிட்டவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. அது நன்றாக வேலை செய்தால் கிடைக்கும் பலன், வந்திருக்கக்கூடிய இன்னொரு பக்கவாதம் வராமல் போவதுதான். வராமல் போன ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஆகவே, "இந்த மாத்திரை எனக்கு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று நோயாளி கேட்பது மிக நியாயமானது. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் அடுத்த பக்கவாதம் குறைகிறதா என்பது முதல் கேள்வி. அதற்கு விடை சொல்ல ஆயிரக்கணக்கான மனிதர்கள் தேவை. எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த ஒருவரின் ரத்தத்தில் ஆஸ்பிரின் தன் வேலையைச் செய்கிறதா என்பது இரண்டாவது; அதற்கு ஒரு குழாய் ரத்தமும் ஓர் ஆய்வகமும் போதும். இரண்டையும் சோதிக்கும் முறைகள் வேறு, கிடைக்கும் விடைகளின் தன்மையும் வேறு. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதன் மேல் ஏற்றிவைப்பதும், இரண்டாவதன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்வதும்தான் இந்த விஷயத்தில் பெருங்குழப்பத்தை உண்டாக்குகின்றன.

மருந்து என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ரத்தக் குழாயின் உட்சுவரில் கீறலோ கொழுப்புப் படிவின் வெடிப்போ ஏற்பட்டால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) எனப்படும் ரத்தத்தின் நுண்ணிய அணுக்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை திராம்பாக்ஸேன் ஏ-2 என்ற பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்துத் தட்டணுக்களையும் அழைக்கின்றன. காயத்தில் ரத்தம் நிற்க உதவும் இந்த ஏற்பாடே மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் அடைப்பாகிவிடுகிறது. திராம்பாக்ஸேன் உருவாவதற்கு காக்ஸ்-1 என்ற நொதி வேண்டும். ஆஸ்பிரின் அந்த நொதியின் மேல் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஒட்டியது திரும்பக் கழலாது. மற்ற உயிரணுக்கள் புதிய நொதியைத் தயாரித்துக்கொள்ளும், ஆனால் தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் அதற்கு அந்த வசதி கிடையாது. ஏறக்குறைய 8 முதல் 10 நாட்கள் வரையிலான தன் ஆயுள் முடியும்வரை அது முடங்கியே கிடக்கும். ரத்தத்தில் ஆஸ்பிரின் அரை மணி நேரம்கூட முழுமையாகத் தங்குவதில்லை. அதன் பாதி 15 முதல் 20 நிமிடங்களில் சிதைந்துவிடுகிறது. ஆயினும் தினமும் ஒரு சிறிய மாத்திரை போதுமானதாக இருப்பதற்குக் காரணம், அன்றாடம் புதிதாக வரும் பத்தில் ஒரு பங்குத் தட்டணுக்களை மட்டும் அது கவனித்துக்கொண்டால் போதும் என்பதே.

இந்த விளக்கம் 1970-களில்தான் முழுமை பெற்றது. திராம்பாக்ஸேனுக்கு உறவான புராஸ்டகிளாண்டின் என்ற பொருள்களின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். திராம்பாக்ஸேனை அடையாளம் கண்ட பெங்க்ட் சாமுவேல்சனுடனும் சூனே பெர்க்ஸ்ட்ரோமுடனும் அவர் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால், இந்த மருந்து ரத்தக் கட்டியைத் தடுக்கும் என்ற ஊகம் அதற்கு முன்பே ஒருவரிடம் இருந்தது. கலிபோர்னியாவில் பொது மருத்துவராக இருந்த லாரன்ஸ் கிரேவன், தொண்டைச் சதை அறுவைக்குப் பிறகு ஆஸ்பிரின் கலந்த மெல்லும் பசையை அதிகம் மென்றவர்களுக்கு ரத்தக்கசிவு கூடுதலாக இருப்பதைக் கவனித்தார். கசிவைக் கூட்டுகிற ஒன்று கட்டியைக் குறைக்கவும் வேண்டும் என்று நினைத்து, தம்மிடம் வந்த நடுவயது ஆண்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 8,000 பேருக்குக் கொடுத்ததில் மாரடைப்போ மூளைக் குழாய் அடைப்போ வரவில்லை என்று 1956-இல் எழுதினார்.

அவருடைய ஊகம் சரியானது, சோதனை சரியானதல்ல. ஆஸ்பிரின் பெறாத 8,000 பேர் அவரிடம் இல்லை. எடுத்துக்கொண்டவர்கள் யார், பாதியில் வராமல் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குக் கணக்கும் இல்லை. நல்ல மருத்துவர் ஒருவர் தம் கண்ணால் கண்டதை நேர்மையாக எழுதினாலும், ஒப்பிட ஓர் எதிர்த்தரப்பு இல்லாவிட்டால் அந்த அனுபவம் எதையும் நிரூபிக்காது. 'ஆஸ்பிரின் சாப்பிட்டேன், பத்து வருடமாக ஒன்றும் வரவில்லை' என்பதும், 'ஆஸ்பிரின் சாப்பிட்டும் மறுபடி வந்துவிட்டது' என்பதும் இதே வகையைச் சேர்ந்தவைதான். முதலாமவருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் வராமலே இருந்திருக்கலாம். இரண்டாமவருக்கு மாத்திரை இல்லாதிருந்தால் இன்னும் முன்பே, இன்னும் மோசமாக வந்திருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளில் பக்கவாத வரலாற்றில் முதலில் அழுத்தமான முடிவைத் தந்தது 1978-இல் வெளியான கனடா நாட்டுக் கூட்டாய்வு. பக்கவாதத்தின் முன்னறிகுறிகள் வந்த 585 பேரை, தினம் 1,300 மி.கி. ஆஸ்பிரின், சல்ஃபின்பைரசோன் என்ற இன்னொரு மருந்து, இரண்டும் சேர்ந்தது, மருந்தே இல்லாத போலி மாத்திரை என நான்கு பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். யாருக்கு எது என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நமக்குத் தெரியாத மற்ற எல்லாக் காரணங்களும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகவே அமைந்திருக்க வேண்டும். கடைசியில் தெரியும் வேறுபாட்டை மருந்தின் கணக்கில் எழுதும் உரிமை அந்தக் குலுக்கலிலிருந்தே வருகிறது. ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே பக்கவாதமும் மரணமும் 31 சதவீதம் குறைந்திருந்தன.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆண்களிடம் 48 சதவீதக் குறைவு, பெண்களிடம் பலனே இல்லை. இந்த வரி சும்மா போகவில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1980-இல் ஆஸ்பிரினை இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதித்தபோது ஆண்களுக்கு மட்டுமே அனுமதித்தது. பெண்களுக்கும் பலன் உண்டு என்று பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. அமெரிக்க மருந்துச் சீட்டுக் குறிப்பில் இரு பாலருக்கும் இடம் கிடைத்தது 1998-இல். கனடா ஆய்வில் இருந்த பெண்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களிடையே நேர்ந்த பக்கவாதங்கள் அதைவிடக் குறைவு. அத்தனை சிறிய எண்களில் தற்செயல் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஒரு புள்ளிவிவரத் தற்செயல் உயிர்க் காப்பு மருந்தின் சீட்டில் உட்கார்ந்திருந்தது என்பதை நினைக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

ஒரு முழு ஆய்வைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டியது 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு. அது மாரடைப்பு நோயாளிகள் 17,187 பேரை வைத்து நடந்தது என்றாலும், பக்கவாத ஆய்வுகளைப் படிப்பவர்களுக்கும் அதன் பாடம் அப்படியே பொருந்தும். ஆஸ்பிரின் மரணத்தை 23 சதவீதம் குறைத்தது என்பதில் அங்கே ஐயமே இல்லை. முடிவை வயதுவாரியாகவும் மற்ற வகைகளிலும் பிரித்துக் காட்டுமாறு கேட்கப்பட்டபோது, ஆய்வாளர்கள் பிறந்த ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை, சற்றே தீங்குகூடச் செய்தது என்று அந்த அட்டவணை சொன்னது. ராசியைப் பார்த்து மாரடைப்புக்கு மருந்து கொடுக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் இப்படி ஒரு பொய்த் தோற்றம் எழக்கூடும் என்பதைக் காட்டவே அந்த அட்டவணையை வெளியிட்டார்கள்.

அளவு குறித்த கேள்வி ஒப்பீட்டளவில் விரைவாகத் தீர்ந்தது. சுவீடனின் 1991 ஆய்வில் 75 மி.கி. ஆஸ்பிரின், 1,360 பேரிடையே, பக்கவாதத்தையும் மரணத்தையும் 18 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டு டச்சு ஆய்வொன்று 3,131 பேரிடம் 30 மி.கி.-யையும் 283 மி.கி.-யையும் ஒப்பிட்டுப் பலனில் வேறுபாடில்லை என்றது. சிறு ரத்தக்கசிவுகள் குறைந்த அளவில் குறைவாக இருந்தன. தட்டணுக்களின் நொதி ஏற்கெனவே முடங்கிவிட்ட பிறகு கூடுதலாகப் போகும் மருந்துக்கு அங்கே வேலை இல்லை. வயிற்றைத்தான் அது போய்த் தாக்கும்.

இவையெல்லாம் நீண்ட காலத் தடுப்பைப் பற்றியவை. பக்கவாதம் வந்த அன்றும் மறுநாளும் ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்பது வேறொரு கேள்வி. அதில் பயமும் அதிகம். பக்கவாதங்களில் பெரும்பாலானவை அடைப்பால் வருபவை, ஒரு பகுதி ரத்தக்கசிவால் வருபவை. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். கோணிய வாயையும் தூக்க முடியாத கையையும் பார்த்து இன்ன வகை என்று சொல்லிவிட முடியாது, அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். அடைப்பால் வந்த பக்கவாதத்திலும் செத்துப்போன மூளைப் பகுதிக்குள் ரத்தம் கசியலாம். கட்டியைத் தடுக்கும் மருந்து அந்தக் கசிவைக் கூட்டிவிட்டால் உதவியே உபத்திரவமாகிவிடும்.

இதற்கு விடை தேடிய இரண்டு பெரும் ஆய்வுகள் 1997-இல் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று, 36 நாடுகளின் 467 மருத்துவமனைகளில் 19,435 நோயாளிகளைச் சேர்த்த பன்னாட்டுப் பக்கவாத ஆய்வு. அதில் தினம் 300 மி.கி. ஆஸ்பிரின் 14 நாட்கள் தரப்பட்டது. மற்றொன்று, 413 சீன மருத்துவமனைகளில் 21,106 பேரிடம் தினம் 160 மி.கி. ஆஸ்பிரினைப் போலி மாத்திரையோடு நான்கு வாரங்கள்வரை ஒப்பிட்டது. இரண்டிலும் சேர்த்து 40,000-க்கும் மேற்பட்டவர்கள்.

எதற்காக இத்தனை பேர்? பன்னாட்டு ஆய்வில், 14 நாட்களுக்குள் மறுபடியும் அடைப்புப் பக்கவாதம் வந்தவர்கள் ஆஸ்பிரின் இல்லாத பிரிவில் 3.9 சதவீதம், ஆஸ்பிரின் பிரிவில் 2.8 சதவீதம். இதையே 200 பேரை வைத்துச் செய்து பார்த்திருந்தால், ஒரு நூறில் நான்கு பேர், மறு நூறில் மூன்று பேர் என்று வந்திருக்கும். ஆஸ்பிரின் பக்கம் ஒரே ஒருவருக்குக் கூடுதலாக வந்திருந்தால் பலன் காணாமல் போயிருக்கும். இருவருக்கு வந்திருந்தால் ஆஸ்பிரின் தீங்கு செய்கிறது என்றே முடிவாகியிருக்கும். நூற்றில் ஒன்று என்ற அளவிலான நன்மையைத் தற்செயலின் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கப் பல ஆயிரம் பேர் தேவைப்படுகிறார்கள். ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் பக்கவாத நோயாளிகளையே பார்த்தாலும் அந்த ஒன்றைத் தம் அனுபவத்தால் உணர முடியாது. ஆஸ்பிரின் விஷயத்தில் மூத்த மருத்துவரின் நினைவைவிட ஆய்வின் பதிவேட்டை நம்ப வேண்டியிருப்பது இதனால்தான்.

இத்தனை பேரைச் சேர்ப்பதற்காகப் பன்னாட்டு ஆய்வு தன்னை மிக எளிமையாக வைத்துக்கொண்டது. இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, நோயாளியின் சில விவரங்களைச் சொன்னால், எந்தப் பிரிவு என்று அங்கிருந்து சொல்வார்கள். அழைத்துப் பேசுவதற்கு முன்னால் விடை தெரியாது. தெரிந்த பிறகு நோயாளியைக் கணக்கிலிருந்து எடுக்கவும் முடியாது. ஆறு மாதம் கழித்து தபாலிலோ தொலைபேசியிலோ விசாரிக்கும்போது மையமாக இருந்தவை இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் அன்றாட வேலைகளுக்கு இன்னொருவரின் உதவி உங்களுக்குத் தேவைப்பட்டதா? பக்கவாதத்திலிருந்து முழுமையாகக் குணமாகிவிட்டதாக உணர்கிறீர்களா? நீண்ட வினாத்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும் பக்கவாத மருத்துவத்தில் நிறைய உண்டு. ஆனால் தானே சட்டை போட்டுக்கொள்ள முடிகிறதா, குளியலறைக்குத் துணை வேண்டுமா என்பதுதான் நோயாளிக்கும் வீட்டாருக்கும் உண்மையில் முக்கியம் என்பதால், இந்த இரண்டு கேள்விகளை மிகச் சிறந்த அளவுகோல்களாகவே கருதுகிறேன்.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இது. ஆஸ்பிரின் தரப்பட்ட 1,000 பேரில், முதல் சில வாரங்களில் மறு அடைப்பு சுமார் 7 பேருக்குக் குறைகிறது. மூளை ரத்தக்கசிவு சுமார் 2 பேருக்குக் கூடுகிறது. மூளைக்கு வெளியே, வயிறு முதலான இடங்களில் பெரிய ரத்தக்கசிவு சுமார் 4 பேருக்குக் கூடுகிறது. எல்லாம் கழித்துப் பார்த்தால், சில மாதங்களுக்குப் பிறகு உயிரோடும் பிறர் உதவியின்றியும் இருப்பவர்கள் 1,000-க்கு சுமார் 13 பேர் கூடுதல். பார்ப்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் உலகில் எந்த மருத்துவமனையிலும், சிறப்பு வசதி எதுவுமின்றி, ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியானதும் கொடுத்துவிடக்கூடிய மருந்து இது என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது அந்த 13 பேர் மிகப் பெரிய கூட்டமாகிவிடுகிறார்கள்.

பழைய ஆய்வுகளின் தரவுகளை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ராத்வெல் குழு 2016-இல் ஆள்வாரியாக மீண்டும் எடுத்து அலசியபோது, இன்னொரு உண்மை வெளிப்பட்டது. பலனைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பிச் சராசரி எடுத்ததால்தான் அது சிறியதாகத் தெரிந்தது. முதல் ஆறு வாரங்களை மட்டும் தனியே எடுத்தால் மறு அடைப்புப் பக்கவாதத்தை ஆஸ்பிரின் சுமார் 60 சதவீதமும், அவற்றில் உயிரைப் பறிப்பனவற்றையும் முடக்கிப்போடுபவற்றையும் சுமார் 70 சதவீதமும் குறைத்திருந்தது. ஆபத்து செறிந்திருக்கும் நாட்களும் மருந்தின் பலன் செறிந்திருக்கும் நாட்களும் ஒன்றே. அந்த முதல் வாரங்களில் இன்னும் சற்று வலுவாகத் தடுக்கலாமே என்ற எண்ணத்தில் ஆஸ்பிரினோடு, தட்டணுக்களை வேறு வழியில் தடுக்கும் குளோபிடோக்ரெலையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சீன ஆய்வில் (2013), சிறு பக்கவாதமோ அதன் முன்னறிகுறிகளோ வந்த 5,170 பேரிடையே 90 நாட்களில் மறு பக்கவாதம் 11.7 சதவீதத்திலிருந்து 8.2 சதவீதமாகக் குறைந்தது. 2018-இல் வெளியான அடுத்த ஆய்வும் அதை உறுதிசெய்தது, ஆனால் அதில் பெரிய ரத்தக்கசிவுகள் கூடின. இன்று இரட்டை மாத்திரையைச் சில வாரங்களோடு நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் தொடர்வது அதனால்தான்.

இனி இரண்டாவது கேள்வி: இந்த ஒருவரின் ரத்தத்தில் ஆஸ்பிரின் வேலை செய்கிறதா?

இதற்கான அடிப்படைக் கருவியை குஸ்தாவ் பார்ன் 1962-இல் அறிமுகப்படுத்தினார். ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் கலந்த குழாயில் எடுத்த ரத்தத்தை மெதுவாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கி, தட்டணுக்கள் நிறைந்த வெளிர் மஞ்சள் நீர் மேலே நிற்கும். அது தெளிவாக இருக்காது. பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கலாக இருக்கும். அதைச் சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, உடல் சூட்டில் வைத்து, உள்ளே ஒரு குட்டிக் காந்தத் துண்டைச் சுழலவிட்டு, பக்கவாட்டில் ஒளிக்கற்றையைச் செலுத்துவார்கள். பிறகு ஒரு துளி அரக்கிடோனிக் அமிலம். ஆஸ்பிரின் சாப்பிடாதவரின் தட்டணுக்கள் அந்த அமிலத்திலிருந்து திராம்பாக்ஸேனைச் செய்து, சில நிமிடங்களில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரளத் தொடங்கும். மங்கல் தெளிந்து, ஒளி கூடுதலாக ஊடுருவ, வரைபடத்தின் கோடு மேலே ஏறும். ஆஸ்பிரின் ஒழுங்காகச் சாப்பிட்டவரின் குப்பி மங்கலாகவே இருக்கும். கோடு தரையோடு படுத்திருக்கும். மருந்து தட்டணுவைப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் காட்சி வேறில்லை.

ஆனால் மாதிரியைச் சில மணி நேரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும், பழகிய கைகள் வேண்டும். ஆகவே எளிய கருவிகள் பின்னால் வந்தன. ஒன்று, கொலாஜன் பூசிய நுண்ணிய துளை வழியாக ரத்தத்தை இழுத்து, துளை அடைபட எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கிறது. இன்னொன்று, பூச்சுப் பூசிய மணிகளோடு தட்டணுக்கள் எவ்வளவு ஒட்டுகின்றன என்பதை எண்ணாகத் தருகிறது. அதில் 550-க்குக் கீழே இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். ரத்தத்திலோ சிறுநீரிலோ திராம்பாக்ஸேனின் சிதைவுப் பொருளை அளப்பது மூன்றாவது வழி.

இவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதுதான் சிக்கல். மாத்திரை சாப்பிட்டும் தட்டணுக்கள் அடங்காத நிலையை 'ஆஸ்பிரின் எதிர்ப்பு' என்பார்கள். அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால், பயன்படுத்திய கருவியைப் பொறுத்து, நூற்றுக்கு ஐந்து பேருக்கு என்பதிலிருந்து பாதிப் பேருக்கு என்பதுவரை விடை மாறுகிறது. காரணம், இவை அளப்பது ஒரே பொருளை அல்ல. துளை அடைபடும் நேரம், ஆஸ்பிரினோடு தொடர்பே இல்லாத, தட்டணுக்கள் ஒட்ட உதவும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணி ரத்தத்தில் கூடினாலும் குறையும். பக்கவாதம் வந்த உடலில் அது கூடியே இருக்கும். சிறுநீரில் வரும் சிதைவுப் பொருளில் ஒரு பங்கு தட்டணுக்கள் அல்லாத பிற உயிரணுக்களிலிருந்தும் வருகிறது. தட்டணுவின் திராம்பாக்ஸேன் உற்பத்தியை 95 சதவீதத்துக்கு மேல் அடக்கினால்தான் திரளுதல் கண்கூடாகத் தடைபடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; 90 சதவீத அடக்கம்கூட ஒரு கருவியில் வெற்றியாகவும் மற்றொன்றில் தோல்வியாகவும் தெரியலாம்.

எண் சரியில்லை என்று வந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மிகத் தெளிவான விடையைத் தந்தது. ஆரோக்கியமான 400 பேருக்கு 325 மி.கி. ஆஸ்பிரின் ஒரே ஒரு வேளை கொடுத்துச் சோதித்தபோது, குடலில் போய்க் கரையும்படி மேலுறை பூசிய மாத்திரையைப் பெற்றவர்களில் 49 சதவீதம்வரை 'எதிர்ப்பு' இருப்பதுபோல் தெரிந்தது; சாதாரண மாத்திரையைப் பெற்றவர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. தொடர்ந்து சோதித்ததில் உண்மையான எதிர்ப்பு என்று சொல்லத்தக்க ஒருவரையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர்த்தது உடம்பல்ல; மேலுறையால் மருந்து உள்ளே போகத் தாமதமாகியிருக்கிறது. வயிற்றைக் காப்பதற்காகப் பூசும் உறை இப்படியொரு தோற்றத்தை உண்டாக்குகிறது என்பதை அறிக்கையைப் படிக்கும் மருத்துவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஐபுபுரூஃபன். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் இந்த மாத்திரை, ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய அதே நொதியின் வாசலில் தற்காலிகமாக உட்கார்ந்துகொள்கிறது. ஆஸ்பிரின் வந்து, இடமில்லாமல், அரை மணி நேரத்தில் சிதைந்து போய்விடும். பிறகு ஐபுபுரூஃபனும் எழுந்து போய்விடும். அன்றைய தினம் தட்டணுக்களுக்குக் காவலே இல்லை. 2001-இல் இது சோதித்துக் காட்டப்பட்டது; ஆஸ்பிரினைச் சாப்பிட்டு அரை மணி நேரமாவது கழித்தோ, ஆஸ்பிரினுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவோ ஐபுபுரூஃபன் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006-இல் அறிவுறுத்தியது. சர்க்கரை நோயாளிகளில் சிலருக்குத் தட்டணுக்கள் வழக்கத்தைவிட வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால், மறுநாள் வேளைக்கு முன்பே மருந்தின் பிடி தளர்ந்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரையைச் சாப்பிடாதது. 'எதிர்ப்பு' என்று குறிக்கப்பட்டவர்களைக் கண்முன்னே மாத்திரையை விழுங்கச் செய்து மறுபடி சோதித்தால் அவர்களில் பெரும்பாலோரிடம் அந்த எதிர்ப்பு மறைந்துவிடுகிறது.

எண் சரியில்லாதவர்களுக்கு உண்மையிலேயே பக்கவாதம் அதிகமாக வருகிறதா? பக்கவாதம் வந்த 180 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த 1993-ஆம் ஆண்டின் ஒரு முன்னோடி ஆய்வில், ஆஸ்பிரினுக்கு இணங்காத தட்டணுக்கள் இருந்தவர்களில் 40 சதவீதம் பேருக்கும், இணங்கியவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் ரத்தக் குழாய் நோய்கள் மீண்டும் தாக்கின. பிற ஆய்வுகளும், வேறுபாட்டின் அளவு இத்தனை பெரிதல்ல என்றாலும், அதே திசையையே காட்டின. ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர் மற்ற மாத்திரைகளையும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார். நோய் முற்றியவரின் தட்டணுக்கள் எந்த மருந்தையும் மீறித் துடிப்பாக இருக்கும். எண் ஆபத்தை முன்கூட்டிச் சொல்கிறது என்பதும், எண்ணைத் திருத்தினால் ஆபத்து குறையும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள்.

இரண்டாவது கூற்றைச் சோதித்தவர்களுக்கு ஏமாற்றமே கிடைத்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த 2,440 பேரிடம் 2012-இல் நடந்த பிரெஞ்சு ஆய்வில், ஒரு பாதியினருக்கு ஆஸ்பிரினுக்கும் குளோபிடோக்ரெலுக்கும் தட்டணுக்கள் எவ்வளவு இணங்குகின்றன என்று கருவியில் பார்த்து மருந்தைக் கூட்டியும் மாற்றியும் கொடுத்தார்கள். மறு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. பலனில் முன்னேற்றம் எதுவும் இல்லை. பக்கவாத நோயாளிகள் 324 பேரின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஓர் ஆய்வில், பரிசோதனையின் பேரில் மருந்து மாற்றப்பட்டவர்களுக்கே மரணமும் அடைப்பும் ரத்தக்கசிவும் சேர்ந்து கூடுதலாக இருந்தன. அது குலுக்கல் முறை ஆய்வு அல்லாததால் அதையே கடைசித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது, ஆனாலும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மறு பக்கவாதம் வந்தவருக்கு ஆஸ்பிரின் அளவைக் கூட்டுவதோ வேறு மருந்துக்கு மாறுவதோ பலன் தரும் என்பது நன்கு நிறுவப்படவில்லை என்றே அமெரிக்கப் பக்கவாதச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும் சொல்கிறது.

அப்படியானால் மறு பக்கவாதம் வந்தவரிடம் எதைத் தேட வேண்டும்? தட்டணுவை விட்டுவிட்டு முதலில் பக்கவாதத்தின் காரணத்தைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதயத்தின் மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் கட்டி உருவாவது இதயத்துக்குள், தேங்கிய ரத்தத்தில்; அங்கே தட்டணுக்களின் பங்கு குறைவு. 1993-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இந்த நிலையில் இருந்த பக்கவாத நோயாளிகளிடம் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் வகை மருந்துகள் ஆண்டுக்கு 12 சதவீதமாக இருந்த மறு பக்கவாதத்தை 4 சதவீதமாகக் குறைத்தன. ஆஸ்பிரின் தந்த குறைவோ தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறியது. அந்தத் துடிப்பு விட்டுவிட்டு வருவதால் ஒரு நாள் எடுத்த ஈ.சி.ஜி.யில் தப்பிவிடும்; பல நாட்கள் தொடர்ந்து பதிவுசெய்தால்தான் அகப்படும். கழுத்துத் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களிடம் நடந்த 1991-ஆம் ஆண்டின் வட அமெரிக்க ஆய்விலும் இதே கதைதான்: ஆஸ்பிரின் உள்ளிட்ட மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டே ஆண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது, அறுவை சிகிச்சையும் பெற்றவர்களிடம் அது 9 சதவீதம். இந்த நோயாளிகளின் தட்டணுக்களைச் சோதித்திருந்தால் பலரின் கோடு தரையோடு படுத்தே இருந்திருக்கும். மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. அவர்களுக்குத் தேவைப்பட்ட வேலை வேறு.

இத்தனைக்கும் பிறகு, ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிடக்கூடிய கேள்விகள் சில உண்டு. கடைசி மாத்திரையை எப்போது சாப்பிட்டார்? மேலுறை பூசியதா, சாதாரணமா? வலிக்கு வேறு ஏதாவது போட்டுக்கொள்கிறாரா? பல் பிடுங்குவதற்கோ கண் அறுவைக்கோ யாராவது ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லி, மீண்டும் தொடங்கச் சொல்ல மறந்துவிட்டார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, நீண்ட நாள் ஆஸ்பிரின் எடுத்துவந்தவர்களில் பக்கவாதம் வந்த 309 பேரையும் அண்மையில் பக்கவாதம் வராத 309 பேரையும் ஒப்பிட்டது. முந்தைய நான்கு வாரங்களுக்குள் ஆஸ்பிரினை நிறுத்தியிருந்தவர்களுக்குப் பக்கவாதம் வருவதற்கான வாய்ப்பு 3.4 மடங்காக இருந்தது. 'எதிர்ப்பு இருக்கிறது' என்று ஓர் அறிக்கையில் படித்துவிட்டு, மருத்துவரைக் கேட்காமல், பயனில்லாத மாத்திரை எதற்கு என்று தாமாகவே நிறுத்திவிடுபவரும் இந்தக் கூட்டத்தில்தான் போய்ச் சேர்கிறார்.